ரெக்கார்டுல ‘ஸ’ குத்துனது எப்படி நின்னுச்சு

சுங்கை சிப்புட்டுல எங்க வீட்டுல, அப்பா தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துல சேத்து வச்ச பழைய தமிழ் எல்பி தட்டுங்கதான் ஓடும். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியோட அசைவை மின் சிக்னலா மாத்துற குட்டிப் பொருள்) போட்டதுலேர்ந்து பாட்டுல வர்ற ‘ச’, ‘ஸ’ எல்லாம் காதைக் குத்துச்சு. தட்டைக் கழுவியாச்சு, ஊசி தட்டை அழுத்துற டிராக்கிங் எடையை குட்டித் தராசுல வச்சுப் பாத்தா சரியாத்தான் இருந்துச்சு, ஈப்போ போயி புது ஊசியும் மாத்தியாச்சு, ஒன்னும் அசையல.

விஷயம் கெப்பாசிட்டன்ஸ்ல, அதாவது கேபிளும் ஆம்ப்பும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்குற அளவுல இருந்துச்சு. இந்த கார்ட்ரிட்ஜுக்கு 100லேர்ந்து 200 பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸை அளக்குற அலகு) லோடு போதும், ஆனா என் பழைய ஆம்ப்புல ரெக்கார்டு பிளேயரைச் சொருகுற போனோ இன்புட்லயே 220, அதுக்கு மேல ஆர்சிஏ கேபிளும் கார்ட்ரிட்ஜைத் தாங்குற டோன்ஆர்முக்குள்ள ஓடுற மெல்லிசு வயரும் சேருது, அந்த உள் வயரை நெறைய பேரு கணக்குலயே எடுக்குறதில்ல. லோடு கூடுனா ட்ரெபிள், அதாவது கீச்சு சத்தம், ஒரு எடத்துல மேடு கட்டிட்டு அப்புறம் சட்டுனு விழுந்துடும், குத்துறது அந்த மேடுதான்.

அதனால ஆம்ப்போட போனோ இன்புட்டுக்குப் பதிலா, கார்ட்ரிட்ஜோட சின்ன சிக்னலைப் பெருசாக்குற தனி ப்ரீஆம்ப் தேடுறப்ப டியூபா டிரான்சிஸ்டரான்னு பாக்கவே இல்ல, 47 கிலோஓம் இன்புட் தடை, 40 டிபி கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு), அப்புறம் முக்கியமா அடியில கெப்பாசிட்டன்ஸ் மாத்துற சுவிட்ச் இருக்கான்னு பாத்து எடுத்தேன். குட்டி சுவிட்ச், பல்குச்சியாலதான் தள்ள முடியும். 50ல வச்சு, நீளக் கேபிளைக் கழட்டிட்டு குட்டைக் கேபிள் போட்டேன், அன்னைக்கே குத்தல் போச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. வயலின் மட்டும் முதல்ல கொஞ்சம் மங்கலா தெரிஞ்சுச்சு, சுவிட்சை 100க்குத் தள்ளுனதும் அதுவும் சரியாச்சு.