தரவு தொலையவில்லை, தேடும் இடம்தான் தவறு

எழுதிய பதிவைக் காணோம் என்று பதறி வருபவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எழுதிய நிரலும் படிக்கும் நிரலும் ஒரே கீக்கு (பதிவை அடையாளம் காட்டும் சொல் அல்லது எண்) ஒரே பார்ட்டிஷன் (தரவைப் பிரித்து வைக்கும் பகுதி) எண்ணைத்தான் கணக்கிடுகின்றனவா? பெரும்பாலும் பதிவு பத்திரமாக வேறொரு பார்ட்டிஷனில் உட்கார்ந்திருக்கும். பார்ட்டிஷன் விதியை நாமே எழுதினால், எந்தச் சர்வரில், எந்த நாளில் கேட்டாலும் ஒரு கீக்கு ஒரே விடைதான் வர வேண்டும்.

இதை முதலில் கெடுப்பது, நிரல் மொழியோடு வரும் ஹேஷை (கீயை ஓர் எண்ணாக மாற்றும் கணக்கை) அப்படியே நம்புவது. அந்த எண்ணைப் பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியே வழக்கமாகப் பார்ட்டிஷன் எண். பைத்தான் 3.3 முதல், சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹேஷ் ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் இயல்பாகவே மாறுகிறது. ஜாவாவில் சரத்தின் ஹேஷ்கோடு எங்கும் ஒன்றுதான். ஆனால் எனம் (முன்பே பெயரிட்டு வைத்த மதிப்புகளின் பட்டியல்) மதிப்பின் ஹேஷ்கோடு ஒவ்வொரு ஜேவிஎம்மிலும் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) வேறாக வரலாம். ஒரே கணினியில் ஒரே ஜேவிஎம்மில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டாவது சர்வர் சேர்ந்த பிறகுதான் குழப்பம் தொடங்கும். எனமின் பெயரைச் சரமாக எடுத்து, அதற்கு ஹேஷ் போடுங்கள்.

அடுத்தது எதிர்ம எண். ஹேஷ் எதிர்மமாக வரும் என்று குறியை நீக்கும் சார்பைப் போட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஜாவாவின் 32 பிட் முழு எண்ணில் -2147483648க்கு நிகரான நேர்ம எண்ணே கிடையாது. குறியை நீக்கினாலும் அது அப்படியே திரும்பி வரும். 12 பார்ட்டிஷன்கள் இருந்தால் மீதி -8. அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை, நிரல் விழும். 8 அல்லது 16 பார்ட்டிஷன்களோடு சோதித்தவருக்கோ மீதி 0 வரும், பிழை கண்ணிலேயே படாது. குறி பிட்டை (எண் நேர்மமா எதிர்மமா என்று காட்டும் பிட்டை) மட்டும் மறைத்துவிட்டு மீதி எடுப்பதே சரி. செய்திகளைப் பார்ட்டிஷன்களில் சேமித்துக் கடத்தும் காஃப்காவின் ஜாவா கிளையண்ட் (அதோடு பேசும் நூலகம்) அப்படித்தான் செய்கிறது.

பார்ட்டிஷன் எண்ணிக்கையை இடையில் கூட்டுவதும் ஆபத்து. ஹேஷ் 110 என்றால், 12 பார்ட்டிஷன்களில் அது 2க்குப் போகும்; 16 ஆக்கினால் 14க்குப் போகும். காஃப்கா பழைய செய்திகளை இடம் மாற்றாது. ஒரே வாடிக்கையாளர் கணக்கின் பழைய செய்தி ஓரிடத்தில், புதியது வேறிடத்தில். வரிசை பார்ட்டிஷனுக்குள் மட்டுமே காக்கப்படுவதால் 'ரத்து' முன்னாலும் 'பதிவு' பின்னாலும் வந்து சேரலாம். கசாண்ட்ரா தரவுத்தளத்தில் தரவு ஏறிய பிறகு பார்ட்டிஷனரை (பார்ட்டிஷன் விதியை) மாற்றவே முடியாது; புதிய கிளஸ்டர் (சர்வர் தொகுதி) அமைத்துத் தரவை நகர்த்த வேண்டும்.

விதியை ஒரு சேவையில் மட்டும் அமைத்துவிட்டு மற்றவற்றை மறப்பது நான் அதிகம் பார்க்கும் தவறு. அமைக்காதவை தம் இயல்பான விதிக்குப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. இயல்பான விதிகளே ஒன்றுக்கொன்று வேறு: காஃப்காவின் ஜாவா கிளையண்ட் கீயை மர்மர்2 என்ற ஹேஷ் கொண்டு பிரிக்கிறது, சி மொழி நூலகமான லிப்ஆர்டிகாஃப்காவும் அதன்மேல் எழுந்த கிளையண்டுகளும் சிஆர்சி32 என்ற வேறொரு ஹேஷ் கொண்டு பிரிக்கின்றன. ஜாவா கிளையண்டோடு ஒத்துப்போக, அவற்றில் மர்மர்2_ரேண்டம் என்று வெளிப்படையாக அமைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கீயை எடுத்து எல்லாப் பார்ட்டிஷன்களிலும் தேடுங்கள். பார்ட்டிஷன் எண்ணிக்கை மாறாமலே அது இரண்டு இடத்தில் அகப்பட்டால், எழுதும் இருவர் இரண்டு விதிகளைப் பின்பற்றுகிறார்கள்.

விதி சரியாக இருந்தும் சுமை ஒரே இடத்தில் குவியலாம். தேதியைக் கீயாக வைத்தால் இன்றைய எழுத்து முழுவதும் ஒரே பார்ட்டிஷனில் விழும். ரெடிஸ் தரவுத்தளத்தின் கிளஸ்டரில் 16384 ஸ்லாட்டுகள் (கீகளைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) இருந்தாலும், எல்லாக் கீகளுக்கும் ஒரே ஹேஷ் டேக் (ஹேஷ் போட எடுக்கப்படும், கீயில் அடைப்புக்குறிக்குள் உள்ள பகுதி) கொடுத்தால் பயன்படுவது ஒன்றுதான். சராசரியைப் பார்க்காதீர்கள், அது இதை மறைத்துவிடும். ஒவ்வொரு பார்ட்டிஷனின் எண்ணிக்கையையும் தனித்தனியே பாருங்கள்.

நான் இப்போது இருபது கீகளையும் அவற்றுக்குரிய பார்ட்டிஷன் எண்களையும் ஒரு கோப்பில் எழுதி, எழுதும் ஒவ்வொரு சேவையின் சோதனையிலும் சேர்த்துவிடுகிறேன். எதிர்ம ஹேஷ் தரும் கீ, தமிழ் எழுத்துள்ள கீ, வெற்றுச் சரம் மூன்றும் அதில் கட்டாயம் உண்டு. ஓர் எண் மாறினாலும் அந்தச் சேவை வெளியீட்டுக்குப் போகாது.