தயவுசெய்து ஃபில்டரைக் குழாயடியில் கழுவாதீர்கள்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். மூன்றடி மீன் தொட்டி, உள்ளே நீர்மோர் ஊற்றி வைத்ததுபோல் தண்ணீர், நடுவில் எங்கேயோ ஒரு செடியின் நுனி தெரிகிறது. "அண்ணா, நேத்துதான் ஃபுல்லா இறக்கிக் கழுவினேன், இன்னைக்கு இப்படி இருக்கு. மறுபடி கழுவிடவா?" டைப் அடித்துக்கொண்டிருந்தால் அதற்குள் வாளியைத் தூக்கிவிடுவான் என்று உடனே போன் போட்டேன். கையை எடு, எதையும் தொடாதே, ஏர் பம்ப் மட்டும் போடு என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஏனென்றால் இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன், இரண்டாவது தடவை கழுவியும் இருக்கிறேன்.

அளவாகத் தீனி போடுங்கள், சின்னத் தொட்டியில் ஐம்பது மீன் விடாதீர்கள் என்பதையெல்லாம் மீன் விற்கிறவரே சொல்லிவிடுவார், அதை விட்டுவிட்டு மற்ற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

மொத்தமாகக் கழுவுவது

பத்து வருடம் இருக்கும். அப்போது என்னிடம் இருந்தது 36-க்கு 15-க்கு 18 அங்குலத் தொட்டி. கணக்குப் போட்டால் 160 லிட்டர் வரும், மண்ணும் கட்டையும் போக 130 லிட்டர் நிற்கும். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கிய 24 கார்டினல் டெட்ரா மீன், செடிகளில் பின்னால் ரொட்டாலா, முன்னால் கிரிப்டோ, கட்டையில் அனூபியாஸ். எட்டு மாதமாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. ஆனால் கேனிஸ்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே நிற்கும் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே பழுப்பாக ஒரு கொழகொழப்பு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிவிடுங்கள் என்று ஒருவர் வேறு அறிவுரை சொல்லியிருந்தார்.

போகி வந்தது. வீட்டில் பரண் முதல் பாத்ரூம் வரை கழுவுகிறார்கள், நாம் மட்டும் சும்மா இருப்பானேன் என்று ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினேன். ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் வளையங்களைச் சல்லடையில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். பாதி மண்ணைக் கிளறிக் கசடை உறிஞ்சினேன், கட்டையைச் சுரண்டினேன். சம்பில் அன்று காலைதான் லாரித் தண்ணீர் விட்டிருந்தார்கள், மூடியைத் திறந்தாலே குளோரின் வாடை. அதைத்தான் நிரப்பினேன்.

பொங்கலன்று தொட்டி ஜொலித்தது. வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மாட்டுப் பொங்கலன்று லேசாக ஒரு மங்கல், கண்ணாடியில்தான் ஏதோ படிந்திருக்கிறது என்று துணியால் துடைத்தேன். காணும் பொங்கலன்று எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் என்ன செய்தேன்? அழுக்கு இன்னும் போகவில்லை என்று முடிவு கட்டி, மறுபடி ஸ்பாஞ்சைக் கழுவி, மறுபடி முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். அந்த வாரக் கடைசியில் மிஞ்சியது ஐந்து டெட்ரா.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது. மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை விடுகிறது, மிச்சத் தீனியும் அழுகிய இலையும் சேர்ந்து அதைக் கூட்டுகின்றன. ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டு இருப்பவை அல்ல. ஸ்பாஞ்ச், வளையம், மண், கட்டை, இலை என்று எதன் மேலாவது படலமாக ஒட்டிக்கொண்டுதான் வாழும். எனக்கு உடம்பு கூசிய அந்தக் கொழகொழப்பில்தான் அவை குடித்தனம் நடத்தின. முக்கால்வாசியைத் தேய்த்துச் சாக்கடையில் விட்டேன், மீதிக்குக் குளோரின் கொடுத்தேன்.

இவை வளர்வது ஆமை வேகத்தில். ஒன்று இரண்டாகவே பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் ஆகிவிடும், அதனால்தான் புதுத் தொட்டி பழக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. இதற்கிடையில் கிளறிய மண்ணிலிருந்து கிளம்பிய கசடைத் தின்ன வேறொரு கூட்டம் வரும், அது மணிக்கணக்கில் பெருகிவிடும். அந்தக் கூட்டம்தான் வெள்ளை மங்கல். அது அழுக்கு இல்லை, கழுவினால் போகாது, கழுவக் கழுவ அதற்குப் போட்டியாக இருப்பவை இன்னும் குறையும். போதாக்குறைக்கு அது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது அதனாலும்தான், அம்மோனியா செவுளை எரித்ததாலும்தான்.

நம் ஊர்த் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே அளவு அம்மோனியாவாக இருந்தாலும் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7-இல் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவத்தில் இருக்கும், 8-க்கு ஏறினால் அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். போர் தண்ணீரில் பி.எச். 7.5, 8 என்று நிற்பது சாதாரணம். ஆக, குளிர்நாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்து நாமும் செய்தால், அவருக்குப் பிழைத்தது நமக்குப் பிழைக்காது.

இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நான் பல வருஷமா இப்படித்தான் கழுவுறேன், ஒண்ணும் ஆகலையே?" ஆகாமல் இருக்கலாம். அவரிடம் கப்பியும் மோலியும் இருக்கும், தண்ணீர் குளோரின் படாத கிணற்று நீராக இருக்கும், தொட்டி நிறைய ஹார்ன்வோர்ட் மண்டிக் கிடக்கும். வேகமாக வளரும் செடி அம்மோனியாவை நேரடியாகவே குடித்துவிடும், பாக்டீரியா இல்லாத குறை தெரியாது. அவருடைய செடிதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அவர் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, எப்படிக் கழுவுவது? வாராந்திரத் தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஒரு வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை அதில் முக்கி நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள், அவ்வளவுதான். வாளித் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஆகும், ஸ்பாஞ்ச் இன்னும் பழுப்பாகவே இருக்கும், அப்படியே மாட்டிவிடுங்கள். தண்ணீர் அடைப்பில்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு, ஸ்பாஞ்ச் பளிச்சென்று இருப்பது கணக்கில்லை. செராமிக் வளையத்தை வாளியில் ஒரு முக்கு முக்கினால் போதும், பிரஷ் கிட்டேயே வரக்கூடாது. நைஸ் வெள்ளைப் பஞ்சை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம், அது தூசி பிடிக்கத்தான். ஃபில்டரைத் தொட்ட வாரம் மண்ணைத் தொடாதீர்கள், மண்ணைத் தொட்ட வாரம் ஃபில்டரைத் தொடாதீர்கள். ஃபில்டரின் ஓட்டம் குறைந்தால் திறங்கள், குறையவில்லை என்றால் மூன்று மாதம் ஆனாலும் விடுங்கள்.

புதுத் தண்ணீர் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒன்று. குளோரின் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், ஏர் பம்ப் போட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் குளோரமின் போட்ட தண்ணீராக இருந்தால் வைத்து எடுத்தாலும் போகாது, அதற்கு மருந்துதான் வேண்டும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்பேட், குளோரினை உடனே முறித்துவிடும்.

ஏற்கெனவே கழுவி வெள்ளையாகிவிட்டதா? தம்பிக்குச் சொன்னதுதான். ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓட விடுங்கள், மூன்று நாளைக்குத் தீனியே போடாதீர்கள், வளர்ந்த மீன் ஒன்றும் செத்துவிடாது. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அதில் பச்சை ஏறினால் மட்டும் குளோரின் முறித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் ஊற்றுங்கள். என்னிடமிருந்து தம்பி வாங்கிப்போனது அதைத்தான். அலுவலகத்தில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் அந்தப் பாட்டிலை வைத்ததற்கு இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை. என் தொட்டி வாழ்க்கையிலேயே மிகத் தெளிவாக இருந்தது அந்தப் பொங்கல் காலைதான்.

வெளிச்சத்தைப் பன்னிரண்டு மணி நேரம் எரிப்பது

செடிக்கு வெளிச்சம் நல்லதுதானே என்று காலையில் போட்டு ராத்திரி படுக்கும்போது அணைக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுக்காத தொட்டியில் செடியால் அவ்வளவு வெளிச்சத்தை என்ன செய்ய முடியும்? மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. ஆறு, ஏழு மணி நேரம் போதும். நம் ஞாபகத்தை நம்பாமல் ஒரு டைமரை வாங்கி மாட்டிவிடுங்கள். மேற்கு ஜன்னலோரம் தொட்டி வைத்தால் டைமரும் காப்பாற்றாது. என் சித்தப்பா வீட்டில் அப்படி வைத்து, சித்திரை பிறப்பதற்குள் தண்ணீர் பச்சைப் பயறு வேக வைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி, சாதாரண ஸ்பாஞ்சில் நிற்காது. விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் சுற்றி நாலு நாள் இருட்டில் வைத்தோம், ஏர் பம்ப் மட்டும் ஓடியது. ஐந்தாம் நாள் தெளிந்தது. ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னேன், போடவில்லை, ஆடியில் மறுபடி பச்சை.

சக்கர் மீன் சுத்தம் செய்யும் என்று நம்புவது

செய்யாது. ஒரு அடிக்கு மேல் வளரும். தின்பதைவிட அதிகமாகக் கழியும். அதை ஏரியில் கொண்டுபோய் விடுவது இதைவிடப் பெரிய தப்பு.

நர்சரி மண்

செம்மண்ணோடு எருவும் மண்புழு உரமும் கலந்தது. பூந்தொட்டிக்குத்தான், மீன் தொட்டிக்கு இல்லை.

கரண்ட் போய் வந்ததும் கேனிஸ்டரை அப்படியே ஓட விடுவது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் உள்ளே இருப்பவை செத்து அழுக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திறந்து, உள்ளே உள்ள தண்ணீரைக் கீழே ஊற்றி, தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அப்புறம் போடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அன்று அது இல்லாததால் ராத்திரி பூராவும் மணிக்கொரு தடவை சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

ஆவியான தண்ணீருக்குப் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்புவது

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா, அதுதான். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

கட்டையிலிருந்து இறங்கும் பழுப்பு நிறம்

அழுக்கில்லை. மரத்திலிருந்து கரையும் டானின் என்ற பொருள். விடுங்கள்.

அனூபியாஸை மண்ணில் புதைப்பது

கிடையாக ஓடும் அந்தத் தண்டு வெளியே தெரிய வேண்டும். புதைத்தால் அழுகும். நூலால் கட்டையில் கட்டுங்கள்.

இலை கரைந்ததும் கிரிப்டோவைப் பிடுங்கி எறிவது

கிரிப்டோகோரைன் வென்ட்டி நம் பக்கத்து இலங்கையின் ஓடைகளில் வளரும் செடி. அதற்கு இடம் மாறினாலே கோபம் வரும். புதுத் தொட்டிக்குப் போன ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் கையோடு கரைந்து வரும். பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது, தண்ணீர் கெட்டுவிடும் என்று வேரோடு பிடுங்குகிறார்கள். கரைந்த இலையை மட்டும் கத்தரித்து எடுத்துவிடுங்கள், வேர் உயிரோடுதான் இருக்கும், மூன்று நாலு வாரத்தில் நடுவிலிருந்து புது இலை எழும்பும். தம்பியும் அந்தப் பெரிய கழுவலில் நாலு கிரிப்டோவைப் பிடுங்கி, காய்ந்த பூவோடு ஒரு பாலிதீன் பையில் போட்டு வாசலில் வைத்திருந்தான். பாட்டிலைக் கொடுக்கப் போனபோது கண்ணில் பட்டது, கேட்காமலே எடுத்து வந்துவிட்டேன். இரண்டு அழுகிவிட்டது. மற்ற இரண்டும் இப்போது என் தொட்டியில் கட்டைக்கு இடது பக்கம் இருக்கின்றன, ஒன்றில் நேற்றுச் சுருண்டபடி ஒரு இலை, அரை அங்குலம்கூட இருக்காது.