கேம் டெஸ்டர் வேலைக்குக் கன்னியாகுமரியில் இருந்தே தயாராவது எப்படி?

நாள் முழுக்க கேம் ஆடினால் சம்பளம் என்று நினைத்து வருகிறவர்கள் சீக்கிரம் கழன்றுவிடுவார்கள். பிழை தேடி, கேமுக்குள் இருக்கும் ஒரே கதவை 40 தடவை திறந்து மூடுவதுதான் வேலை. 39 தடவை ஒழுங்காகத் திறந்து ஒரு தடவை மாட்டிக்கொண்டால், அந்தத் தடவை கை என்ன வித்தியாசமாகச் செய்தது என்று தேடிப் பிடித்து, கதவை மறுபடி மாட்டவைக்க வேண்டும். மறுபடி வரவழைக்க முடியாத பக் (பிழை), கேமை எழுதும் டெவலப்பருக்கு வெறும் வதந்தி.

மொபைல் கேமில் தொடங்க கேமிங் பிசி வேண்டாம். 2 அல்லது 3 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, புதியது ஒன்று, சாதாரண லேப்டாப், ஒரு நோட்டு போதும். பழைய போன்தான் அதிகம் உழைக்கும்: ராம் பற்றாமல் பின்னணியில் இருக்கும் கேமை ஆண்ட்ராய்டே கொன்றுவிடும், அங்கேதான் சேவ் பிரச்சினைகள் வெளியே வரும். கேபிள் வாங்கும்போது டேட்டா போகிறதா என்று பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளை மாட்டிவிட்டு, லேப்டாப் போனைக் காட்டவில்லையே என்று அரை நாள் தொலைத்தவர்கள் நிறைய.

போனில் 'அபவுட் போன்' போய் 'பில்டு நம்பர்' மேல் 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சில போன்களில் அந்த எண் இன்னும் ஒரு மெனு உள்ளே இருக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு, லேப்டாப்பில் கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கி, போனில் நடப்பதை வரிவரியாகப் பதியும் லாகைக் காட்டும் ஏடிபி லாக்கேட் (adb logcat) கட்டளையைப் பழகுங்கள். கேம் கிராஷ் ஆன (திடீரென்று தானே மூடிக்கொண்ட) உடனே லாகை எடுத்துவிட வேண்டும். இடம் நிறைய நிறைய பழைய வரிகள் அழிந்துகொண்டே போகும். போனை ரீஸ்டார்ட் செய்துவிட்டு லாக் தேடினால் எதுவும் மிஞ்சாது.

இனி ரிப்போர்ட். வள்ளம் ஓட்டும் ஒரு கேம் என்று வைத்துக்கொள்வோம். "விளம்பரம் பார்த்தால் காசு தப்பாக வருகிறது" என்று எழுதினால் அது திரும்பி வந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

தலைப்பு: விளம்பரம் முடிந்ததும் நெட்டைத் துண்டித்து, கேமை மூடித் திறந்தால் 50 காசு இரண்டு தடவை சேர்கிறது
பில்டு (கேமின் பதிப்பு) 0.9.14, ஆண்ட்ராய்டு 11, 3 ஜிபி ராம்
1. 200 காசு இருக்கும்போது கடையில் 'விளம்பரம் பார்' அழுத்தவும்.
2. விளம்பரம் முடிந்து மூடும் குறி வந்ததும் ஏரோப்ளேன் மோடு போடவும்.
3. குறியைத் தொடவும். காசு 250 ஆகும்.
4. 10 நொடிக்குள் கேமைத் தள்ளி மூடவும்.
5. ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு கேமைத் திறக்கவும்.
வரவேண்டியது: 250. வந்தது: 300.
10-க்கு 7 தடவை. வீடியோ, லாக் இணைப்பில்.

ஆரம்பக் காசு 200 என்று சொல்லாவிட்டால் 300 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வராமல் போன 3 தடவையும் முக்கியம்: மூடுவதற்குத் தாமதித்தீர்களா என்று பாருங்கள், அந்த '10 நொடி' அப்படித்தான் கிடைக்கும். எழுதியபின் ஒவ்வொரு படியாக எடுத்துவிட்டுச் செய்யுங்கள். எடுத்தபிறகும் பக் வந்தால் அந்தப் படி தேவையில்லை. ஒரு ரிப்போர்ட்டில் ஒரு பக் மட்டும். "சர்வர் தப்பு" என்று தீர்ப்பு எழுத வேண்டாம், அது உங்கள் ஊகம்.

சிவியரிட்டியும் (பக் ஆட்டத்தை எவ்வளவு கெடுக்கிறது) பிரயாரிட்டியும் (எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும்) வேறு வேறு. முகப்புத் திரையில் கேம் பெயரிலேயே எழுத்துப்பிழை என்றால் ஆட்டம் கெடாது, ஆனால் நாளைக்கே திருத்தியாக வேண்டும்.

நெட்வொர்க் சோதனைக்கு நம் மாவட்டம் தோது. களியக்காவிளையைத் தாண்டும் பஸ்ஸில் போன் கேரள டவருக்கு மாறும் நேரம், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் மெலியும் இடம், இரண்டிலும் ஆன்லைன் மேட்சை ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவது, நடுவில் கால் வருவது, போன் தேதியை ஒரு நாள் தள்ளிவைத்துத் தினசரிப் பரிசை மறுபடி வாங்கப் பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம்.

தமிழ் தெரிந்த டெஸ்டருக்கு ஒரு தனி லாபம் உண்டு. கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, தமிழ் எழுத்துகளைத் தானாக முறைப்படி கோக்காது. 'கேள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ'வில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கும். தமிழ் தெரியாத டீம் இதைக் கவனிக்கவே கவனிக்காது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் 'அமைப்புகள்' அடங்காமல் வெளியே வழிவதையும் ஸ்கிரீன்ஷாட்டோடு கொடுங்கள்.

அனுபவம் எங்கே கிடைக்கும்? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் ப்ளே கன்சோல் கணக்கில் (ப்ளே ஸ்டோரில் கேம் வெளியிடுகிறவர்களுக்கான கணக்கு) கேம் வெளியிட, குறைந்தது 12 டெஸ்டர்கள் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடிப்பார்ப்பது) இருக்க வேண்டும். தனியாக கேம் செய்கிறவர்கள் ஆள் தேடித் தவிப்பது இதற்குத்தான். நாகர்கோவில் கல்லூரிகளில் கேம் செய்யும் மாணவர்களிடம் கேளுங்கள். பேருக்குச் சேர்ந்துவிட்டு மறக்காமல் நல்ல ரிப்போர்ட் 5 கொடுங்கள். வெளிவராத கேமைப் பற்றி ஸ்டேட்டஸ் வைத்தால் மட்டும் அத்தோடு சரி. வேலைக்குக் காட்டும் மாதிரி ரிப்போர்ட்டுகளை ஏற்கெனவே ப்ளே ஸ்டோரில் உள்ள கேம்களில் இருந்து எடுங்கள்.

முழுநேர வேலை பெரும்பாலும் பெங்களூரு, புனே, ஹைதராபாத்தில். ஐஎஸ்டிக்யூபி (ISTQB) ஃபவுண்டேஷன் என்ற மென்பொருள் டெஸ்டிங் சான்றிதழ்த் தேர்வு கட்டாயமில்லை, இருந்தால் உங்கள் விண்ணப்ப மெயில் ஒதுக்கப்படாமல் இருக்க உதவும்: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியானால் பாஸ். தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு 25 சதவீத நேரம் கூடுதல்.

டெலிகிராமில் "கேம் டெஸ்டிங், தினம் 3,000 ரூபாய், முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.