வேன் கூரைக்கு உருளையால் ஒரு பூச்சு

காய்கறி ஏற்றும் என் வேனின் கூரையில், கேரியர் கால்கள் அழுத்தும் இடங்களில் பெயின்ட் உரிந்து துரு பிடித்திருந்தது. மழை வந்தால் ஓர இணைப்பில் நீர் கசியும். டிங்கரிங் கடைக்கு விடாமல், சரக்கு வண்டித் தொட்டிகளுக்குப் பூசும் பாலியூரித்தேன் பூச்சை நானே உருளையால் பூசினேன்.

உழைப்பெல்லாம் பூச்சுக்கு முன்புதான். கேரியரைக் கழற்றி, துருவை 80 எண் உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். மற்ற இடங்களில் மினுமினுப்பு போனால் போதும். இணைப்புகளில் சீலன்ட், வெறும் தகட்டில் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பூச்சு தோலாக உரிந்து வரும்.

வெயிலில் சூடான தகட்டில் பூச்சு சட்டென இறுகிக் கொப்புளிக்கும். அதனால் காலையில், பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கினேன். பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் சேர்த்த கலவை காத்திருக்காது; கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். முதல் பூச்சு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே. ஸ்பாஞ்சு உருளை ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பை விட்டுச்சென்றது. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கீறல் தெரியாது. இந்தப் பூச்சிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்கு ஆகாது. திறந்த வெளியில்கூடத் துணி முகக்கவசம் போதாது, வடிகட்டி பொருத்தியது வேண்டும்.

நன்றாக இறுகிய பிறகு, கேரியர் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துப் பூட்டினேன். ஐப்பசி மழையில் கசிவு இல்லை.