லேசருக்கு முன்னும் பின்னும்: தோலைக் காயப்படுத்தாமல் சிகிச்சை எடுக்க

முடி நீக்கும் லேசரானாலும், ஐபிஎல் என்னும் ஒளிக்கருவி ஆனாலும், கரும்புள்ளி எடுக்கும் கருவியானாலும் அது குறிவைப்பது தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினைத்தான். ஒளியை மெலனின் உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் முடிவேரோ புள்ளியோ அழிகிறது. ஆனால் முடியில் இருக்கும் மெலனின் எது, மேல்தோலில் இருக்கும் மெலனின் எது என்று கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாநிறத் தோலும், வெயிலில் புதிதாகக் கறுத்த தோலும் எளிதில் வெந்துபோவது இதனால்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எந்தக் கருவி என்பதை. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசரை மெலனின் அதிகமாக உறிஞ்சும். அது வெளிர்ந்த தோலுக்குச் சரி. 1064 நானோமீட்டர் என்டி யாக் ஆழமாக இறங்கும், மேல்தோலை அவ்வளவாகச் சீண்டாது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் முடி நீக்க அதுவே பாதுகாப்பு. ஐபிஎல் லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த ஒளியை ஃபில்டர் வைத்து வடிகட்டி அடிப்பது அது. கறுத்த தோலில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கன்னத்தில் இருப்பது மங்கு என்றால் இன்னும் கவனம் தேவை. முதலில் வெளுத்தது போலத் தெரியும், சூடு பட்ட மங்கு சில வாரங்களில் முன்பைவிடக் கறுத்துத் திரும்பும். எல்லா நிறத்துக்கும் ஒரே மெஷின், ஒரே அளவு என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நான்கு வாரம் முன்பிருந்து

வெயிலைத் தவிர்க்கத் தொடங்குங்கள். முடி நீக்கப் போகிறீர்கள் என்றால் வாக்சிங், த்ரெட்டிங், பிடுங்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வேரோடு போய்விட்ட முடியில் ஒளி பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, பணம்தான் வீண். மழிப்பதால் வேர் போவதில்லை, அதனால் ரேசர் மட்டும் பயன்படுத்தலாம். நரைமுடிக்கு எந்த லேசரும் வேலை செய்யாது. அதில் நிறமி இல்லை.

ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் ஆகியவை உள்ள கிரீம்களை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. டாக்சிசைக்ளின் போலத் தோலில் ஒளிக்கூச்சம் தரும் மாத்திரைகளையும், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உதட்டோரம் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வருபவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. லேசர் சூடு அதைக் கிளப்பிவிடும். முகத்தில் தோலை உரிக்கும் லேசர் என்றால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். சமீபத்தில் வடிவமோ நிறமோ மாறிய மச்சத்தைத் தோல் மருத்துவர் பார்க்காமல் அதன் மேல் ஒளி படவே கூடாது. பச்சை குத்திய இடத்தையும் மூடிவிட வேண்டும், அந்த மை சூடாகித் தோலைப் பொசுக்கும்.

சிறிய இடத்தில் மட்டும் ஒளி அடித்துப் பார்க்கும் சோதனைப் புள்ளி இல்லாமல் முழுச் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தொடங்குவது போதாது. வெளிர்ந்த தோலுக்கு இரண்டு நாள் போதலாம். கறுத்த தோலில் நிறமாற்றம் தாமதமாக வரும், ஒன்றிரண்டு வாரம் காத்திருங்கள்.

அன்றைய தினம்

முந்தைய நாள் மழித்திருக்க வேண்டும். தோலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடி அங்கேயே எரிந்து மேல்தோலைச் சுடும். மேக்கப், வாசனைத் திரவியம், டியோடரன்ட் எதுவும் இருக்கக் கூடாது. மரத்துப்போகும் கிரீமை முழுக் காலிலும் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றுவது உயிருக்கே ஆபத்து. மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்து வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். லேசருக்கு முன் அப்படித் தடவிக்கொண்ட இரண்டு பெண்கள் இறந்ததை அடுத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது. சிறிய இடத்துக்கு, மருத்துவர் சொன்ன அளவு மட்டும்.

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி அந்த லேசரின் அலைநீளத்துக்கு உரியதா என்று பாருங்கள். புருவத்துக்குக் கீழே, கண்குழி எலும்புக்கு உள்பக்கம் அடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கண்ணுக்குள்ளும் நிறமி இருக்கிறது. ரப்பர் பேண்ட் சுண்டியது போன்ற வலி இயல்பு. தாங்க முடியாமல் எரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்களுக்குத்தான் அதிகம் கொப்புளிக்கிறது.

அதன் பிறகு

முடி நீக்கியபின் வேர்க்கால்கள் சிவந்து தடித்திருக்கும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் அடங்கும். துணியில் சுற்றிய குளிர்ப் பையைப் பத்து நிமிடம் வையுங்கள், ஐஸை நேரடியாக வேண்டாம். இரண்டு நாள் வெந்நீர்க் குளியல், நீச்சல், வியர்க்கும் உடற்பயிற்சி இல்லை. ஒன்று முதல் மூன்று வாரத்தில் முடி வளர்வது போலத் தெரியும். அது வளர்வதல்ல, இறந்த முடி வெளியே தள்ளப்படுவது. பிடுங்காதீர்கள்.

ஐபிஎல் பட்ட புள்ளிகள் முதலில் காப்பித்தூள் போலக் கறுத்து, முகத்தில் ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும். நகத்தால் சுரண்டினால் அந்த இடத்தில் புதுக் கறை உட்காரும். தோலை உரிக்கும் லேசருக்குப் பராமரிப்பே வேறு. முதல் வாரம் புண் காயவே கூடாது; மென்மையாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தொடர்ந்து பூசி ஈரமாக வைத்திருங்கள். காய்ந்து பொருக்குக் கட்டினால் ஆறுவது தாமதமாகும். கைக்குக் கிடைத்த ஆன்டிபயாடிக் களிம்பைப் பூசுவதும் தவறு, அதுவே பலருக்கு ஒவ்வாமை தரும். மேல்தோல் மூடும்வரை சன்ஸ்கிரீனும் வேண்டாம். குடை, தொப்பி, நிழல்தான்.

தோல் மூடியபின் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்கவைக்கும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து தோல்நிறச் சாயலில் வருவதை வாங்குங்கள்.

கொப்புளம், கருவியின் முனை வடிவிலேயே பதிந்த தடம், சாம்பல் அல்லது வெள்ளையாக மாறிய தோல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அந்த நிமிடமே கண் மருத்துவரிடம்.

சில வாரம் கழித்துக் கறை தெரிந்தால் அது பெரும்பாலும் சூட்டின் பின்விளைவு. மறைய மாதங்கள் ஆகும். அவசரப்பட்டுக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீமைத் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் சேர்ந்து வரும்.

அடுத்த அமர்வு முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, உடலுக்கு ஆறிலிருந்து எட்டு. இடையில் வெயிலில் கறுத்திருந்தாலோ புது மாத்திரை தொடங்கியிருந்தாலோ, சிகிச்சைக்குப் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். போன முறை ஒத்துக்கொண்ட அதே அளவு இந்த முறை சுட்டுவிடும்.