வங்கிப் பங்கு சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது

கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன் போன்ற நம் பக்கத்து வங்கிகளின் பங்கு திடீரென விழுந்தால், விற்கும் முன் அதே நாளில் பேங்க் நிஃப்டி (பெரிய வங்கிப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் குறியீடு) எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சதவீதம் என்றால், பெரும்பாலும் வட்டி விகிதம் போன்ற பொதுக் காரணம்தான். குறியீடு அசையாமல் பங்கு மட்டும் விழுந்திருந்தால், பங்குச் சந்தை இணையதளத்தில் அந்த வங்கியின் அறிவிப்புகளைப் படியுங்கள்: வாராக்கடன் கூடியதா, இல்லை பங்குதாரர்களுக்கு இலவசமாகக் கூடுதல் பங்கு தரும் போனஸ் தேதியா? ஐந்துக்கு ஒன்று போனஸ் என்றால் 240 ரூபாய்ப் பங்கு 200 என்று காட்டும். நட்டமில்லை, ஐந்து பங்கு ஆறாகியிருக்கும். மதுரை மேலமாசி வீதியில் வங்கி வாசலில் கூட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. தினசரி வர்த்தகம் மிகக் குறைவான பங்குகளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே ஒருவர் மொத்தமாக விற்றாலே விலை சாய்ந்துவிடும்.