அண்டை நாட்டுக் கிளர்ச்சியும் நம் கைப்பேசியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022இல் கொழும்பு, 2024இல் டாக்கா, 2025இல் காத்மாண்டு. மூன்று அண்டை நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். தில்லியில் வாழும் தமிழர்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வந்து இறங்கிய ஹிண்டன் விமானப்படைத் தளம் காசியாபாத்தில் இருக்கிறது. மயூர் விஹாரில் குடியிருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர். நம் அடுக்ககங்களில் இரவுக் காவல் பார்ப்பவர்களில் பலர் நேபாளத்துக்காரர்கள். இவ்வளவு அருகில் இருந்தும் அந்த நாடுகளில் நடந்ததை நாம் தெரிந்துகொண்டது இந்திச் சேனல்களின் கூச்சலிலிருந்தும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளிலிருந்தும்தான். அப்படித் தெரிந்துகொள்ளும்போது நாம் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் நாள் வீடியோவை அப்படியே நம்புவது

2024 ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா நாட்டைவிட்டுப் போனதும், இந்துவான வங்கதேச கிரிக்கெட் வீரர் லிட்டன் தாஸின் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. வீடு எரிந்தது உண்மை. ஆனால் அது லிட்டன் தாஸின் வீடு அல்ல. ஹசீனாவின் அவாமி லீக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் கேப்டன் மஷ்ரஃபே மொர்தசாவின் நரைல் வீடு. தன் வீட்டுக்கு எதுவும் ஆகவில்லை என்று லிட்டன் தாஸே பிறகு எழுதினார். எரிந்த வீட்டின் சொந்தக்காரரை மாற்றியதும், கவிழ்ந்த ஆளுங்கட்சியின் மீதிருந்த கோபம் மதக் கலவரமாகக் காட்டப்பட்டுவிட்டது. பிரச்சாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. முழுப் பொய்யைப் புனைவதைவிட உண்மைப் படத்துக்குப் பொய்த் தலைப்பு வைப்பது சுலபம், நம்ப வைப்பதும் சுலபம்.

வீடியோ வந்தால் கூகுள் லென்ஸில் ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த ஊருடையது, வெயிலா மழையா என்று கவனியுங்கள். டாக்கா என்றால் டெய்லி ஸ்டார், நேபாளம் என்றால் காத்மாண்டு போஸ்ட் என்று அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இலங்கை விஷயத்தில் நமக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி உண்டு. வீரகேசரியும் தினக்குரலும் நம் மொழியிலேயே வருகின்றன. தில்லியில் நம்மில் எத்தனை பேர் அவற்றைத் திறந்து பார்க்கிறோம்?

ஒரு பொய் அகப்பட்டதும் எல்லாமே பொய் என்று முடிவுகட்டுவது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏமாறுபவர்களைவிட, தாங்கள் ஏமாறாதவர்கள் என்று நினைப்பவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

லிட்டன் தாஸ் வீடியோ பொய் என்று தெரிந்ததும், இந்துக்கள் மீது தாக்குதலே நடக்கவில்லை, எல்லாம் இந்திய ஊடகத்தின் கற்பனை என்று ஒரு தரப்பு சொல்ல ஆரம்பித்தது. அதுவும் பொய். 2025 பிப்ரவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, இந்துக்களின் வீடுகளும் கடைகளும் கோயில்களும் தாக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. அதே அறிக்கைதான், 2024 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்புப் படையினரின் குண்டுக்குப் பலியானவர்கள் என்றும் சொல்கிறது. அந்த அறிக்கையின் ஒரு பாதியை ஒரு தரப்பு படிக்கிறது, மறு பாதியை இன்னொரு தரப்பு படிக்கிறது. ரங்பூரில் கைகளை விரித்து நின்று சுடப்பட்ட மாணவர் அபு சயீதுக்காகத் துக்கப்படுபவர், சூறையாடப்பட்ட கோயிலுக்காகவும் துக்கப்பட முடியும். பட வேண்டும்.

ஈரானிலும் இதேதான் நடந்தது. முக்காடு சரியாக அணியவில்லை என்று காவலில் எடுக்கப்பட்ட மாஷா அமினியின் மரணத்துக்குப் பிறகு எழுந்த போராட்டத்தின்போது, 2022 நவம்பரில், 290 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 227 பேர் போராட்டக்காரர்களுக்குக் கடும் தண்டனை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். சில நாட்களுக்குள் அது, 15,000 பேருக்கு மரண தண்டனை விதித்தாயிற்று என்ற செய்தியாக உலகைச் சுற்றியது. கனடா பிரதமர் ட்ரூடோவும் அதைப் பதிவிட்டுப் பிறகு நீக்கினார். 15,000 என்பது தவறு. ஆனால் அடுத்த மாதம் 8ஆம் தேதி மொஹ்சென் ஷெகாரி என்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டது தவறான செய்தி அல்ல. எண்ணை ஊதிப் பெருக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த எண் பொய்யானதும், உண்மையில் செத்தவருக்காகப் பேசியவர்களின் குரலும் சேர்ந்து பலவீனப்பட்டது. 1989 டிசம்பரில் ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்குவுக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, டிமிசோரா நகரில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொன்னார்கள். கடைசியில் நாடு முழுவதுமே இறந்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். புதைகுழியிலிருந்து எடுத்துக் காட்டிய உடல்களில் சில, ஏழைகளின் இடுகாட்டிலிருந்து தோண்டியவை. அதற்காக சௌசெஸ்கு நல்லவர் ஆகிவிடவில்லை. 1,100 உயிர் சிறிய எண்ணும் அல்ல.

இந்த வலியை நாமும் பட்டிருக்கிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். தமிழ்நாடு காவல்துறைத் தலைவரே வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் தில்லியில் பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொன்னவர்களுக்கு அந்த எரிச்சல் நினைவிருக்கும். அடுத்த நாட்டைப் பற்றி ஒன்றை அனுப்புவதற்கு முன் அதை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் போதும்.

"எல்லாம் வெளிநாட்டுச் சதி"

வெளிநாட்டுச் சதி என்பது கற்பனை அல்ல. 1953இல் ஈரானில் பிரதமர் மொசாதேக்கின் ஆட்சியைக் கவிழ்த்ததில் தன் கை இருந்ததை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 2013இல் வெளியான ஆவணங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் குற்றச்சாட்டை யாரும் சுலபமாக வைத்துவிட முடிகிறது. 1953க்கு ஆவணம் இருக்கிறது. யார் உத்தரவிட்டார், பணம் எப்படிப் போனது என்பது தெரியும். மற்ற இடங்களிலும் அதையே கேட்க வேண்டும்.

இலங்கை ஜனாதிபதியாக இருந்த கோத்தபய ராஜபக்ச 2024இல் எழுதிய நூலில் தன்னை வெளிநாட்டுச் சதி வெளியேற்றியதாகச் சொன்னார். 2019 கடைசியில் வரிகளைக் குறைத்தது அவர் அரசு. 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டதும் அவர் அரசு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் அவர் அரசுதான். சமையல் வாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மனிதருக்குக் கோபம் வர வெளிநாட்டு உளவாளி தேவையில்லை. குழப்பத்தில் குளிர்காயப் பிற நாடுகள் முயன்றிருக்கலாம். அது வேறு கேள்வி. சதி என்ற ஒற்றைப் பதிலால் அந்த வரிசையில் நின்றவர்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

கேமரா காட்டியதே முழு நாடு என்று எண்ணுவது

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாமின் சிலை விழுந்ததை உலகமே பார்த்தது. நெருக்கமாக எடுத்த படங்களில் சதுக்கம் முழுக்க ஆரவாரக் கூட்டம். தள்ளி நின்று எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. சிலையை இழுத்து வீழ்த்தியது அமெரிக்க மரீன் படையின் வண்டி. வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அதே சதுக்கத்தை ஒட்டி இருந்தது.

2022இல் இலங்கையில் நடந்த அரகலய என்ற மக்கள் போராட்டத்தின்போது நம் சேனல்கள் கொழும்பின் காலிமுகத்திடலையும் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தையும் காட்டி, இலங்கை மக்கள் ஒரே குரலில் எழுந்தார்கள் என்றன. காலிமுகத்திடலில் தமிழில் தேசிய கீதம் பாடினார்கள், முள்ளிவாய்க்கால் நினைவு நாளையும் அங்கே அனுசரித்தார்கள். அதெல்லாம் நடந்தது, மதிக்க வேண்டியதுதான். ஆனால் வடக்கில் பலர் ஒதுங்கியே நின்றார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாலையோரத்தில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தேடி எந்த தில்லிச் சேனலும் வரிசையில் போய் நிற்கவில்லை. இலங்கையின் கதையை அவர்களைத் தவிர்த்துச் சொன்னால் அது பாதிக் கதை. இதைச் சொல்ல நாமும் தவறினால் தில்லியில் வேறு யார் சொல்வார்கள்?

இணையத்தைத் துண்டிப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வங்கதேசத்தில் 2024 ஜூலை 18 அன்று இணையம் நின்றது. அப்படி நிற்கும்போது உள்ளூர்க்காரரின் கைப்பேசி மௌனமாகிறது. அரசின் குரலும் வெளியில் இருப்பவர்களின் ஊகமும்தான் மிஞ்சுகின்றன. அந்த நாட்களில் வந்த எதையும் இரட்டைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

நம் சண்டையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது

காத்மாண்டு எரிந்தபோது அது மன்னராட்சிக்கான ஏக்கம் என்றார் ஒருவர், நம் நாட்டுக்கும் இதுதான் நடக்கப்போகிறது என்றார் இன்னொருவர். 26 சமூக ஊடகத் தளங்களுக்குத் தடை விதித்ததையும், அரசியல்வாதிகளின் பிள்ளைகள் ஊர் பார்க்க வாழ்ந்த ஆடம்பர வாழ்க்கையையும், 2025 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 19 பேர் சுடப்பட்டு இறந்ததையும் பேசியவர்கள் குறைவு. வாசலில் இருக்கும் நேபாளக் காவலாளி அண்ணனிடம் ஊரில் எல்லோரும் நலமா என்று முதலில் கேளுங்கள். அரசியல் கருத்தை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒருவரின் கருத்தை நேபாளத்தின் கருத்தாக்கிக் குழுவில் போடாதீர்கள்.

கடைசியாக, திருத்தம். நேபாளத்தின் முன்னாள் பிரதமர் ஒருவரின் மனைவி தீயில் இறந்துவிட்டார் என்று நம் ஊடகங்கள் பலவும் அறிவித்தன. அவர் இறக்கவில்லை. கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் இருந்தார். தவறான செய்தியை எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ, அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்புங்கள். அவர் அந்தத் தீயில் இறக்கவில்லை என்பதையும், அவர் இருந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பதையும் ஒரே செய்தியில் எழுதுங்கள்.